குட்டி போடும் வட்டியும் வயல் நிறைந்த முயல்களும்

"வட்டி குட்டி போடும்" என்பது கடன் வாங்கிச் சிரமப்பட்ட எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்கும் பேச்சு. அமெரிக்காவில் ஒரு குழுவினர் இதே கருத்தை ஒரு வீடியோ கேமாகவே செய்தார்கள். 'ஃபார்ம் பிளிட்ஸ்' என்று பெயர். விளையாடுபவரின் பொறுப்பில் ஒரு பண்ணை இருக்கிறது. பயிர் விளைகிறது, கூடவே முயல்களும் வருகின்றன. ஒன்றிரண்டாக வரும்போது பார்க்க அழகுதான். கண்டுகொள்ளாமல் விட்டால் பெருகிப் பெருகி விளைச்சலைக் காலிசெய்துவிடும். அந்த முயல்கள்தான் அதிக வட்டிக் கடன். மரங்கள் நீண்டகாலச் சேமிப்பு. நட்டவுடன் ஒன்றும் தராது. நின்று வளர்ந்த பிறகே பலன்.

ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியராக இருந்த பீட்டர் டூஃபானோ 2000-ல் தொடங்கிய 'டோர்வேஸ் டு டிரீம்ஸ்' என்ற லாபநோக்கற்ற அமைப்பு இதை உருவாக்கியது. இப்போது அதன் பெயர் 'காமன்வெல்த்'. குறைந்த வருமானமுள்ளவர்களை மனதில் வைத்து அந்த அமைப்பு இப்படிச் சில கேம்களைச் செய்தது. 'செலிபிரிட்டி கலாமிட்டி' என்ற கேமில், தாராளமாகச் செலவழிக்கும் ஒரு நட்சத்திரத்தின் வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு விளையாடுபவருடையது. எதற்கு டெபிட் கார்டு, எதற்கு கிரெடிட் கார்டு என்று அடுத்தடுத்து முடிவெடுக்க வேண்டும். 'பைட் கிளப்' என்ற இன்னொன்று, ரத்தக் காட்டேரிகளின் கேளிக்கை விடுதியை வைத்து ஓய்வுக்காலச் சேமிப்பைச் சொல்லித்தருகிறது.

இந்த முயல்கள் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பத்தாயிரம் ரூபாயை 'மூணு வட்டி'க்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு, ஒருவர் வாங்குகிறார். கட்டாத வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டே ஆண்டில் கடன் 20,300 ரூபாயைத் தாண்டிவிடும். பத்தாவது ஆண்டில் அது சுமார் 3 லட்சத்து 47 ஆயிரம். தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்ற பாடத்தில் கூட்டு வட்டி இருக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் ஏராளம். ஆனால் 15 வயதுப் பிள்ளைக்குப் பத்து ஆண்டு என்பது கற்பனைக்கு எட்டாத தூரம்; தான் வாழ்ந்ததில் மூன்றில் இரண்டு பங்கு அது. கரும்பலகையில் எழுதிய எண் அந்தத் தூரத்தைக் கடந்து வந்து தொடுவதில்லை. கேம் அந்தப் பத்து ஆண்டைப் பத்து நிமிடமாக்குகிறது. கடன் பெருகுவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கிறது. அதுவும் தான் எடுத்த முடிவால் பெருகுவதைப் பார்க்கிறது. பதின்ம வயதினருக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தர வீடியோ கேமைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

"படிக்கிற பிள்ளைக்கு கேம் எதற்கு?" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அந்தக் கவலையை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் பணத்தைப் பற்றிய பாடத்தை கேம்கள் ஏற்கெனவே நம் பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன. ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் வைரம், பிஜிஎம்ஐயில் யூசி, ரோப்லாக்ஸில் ரோபக்ஸ். ரூபாயை முதலில் வேறொரு நாணயமாக மாற்றிக்கொள்ள வேண்டும்; பிறகு அந்த நாணயத்தைக் கொண்டு சட்டையும் துப்பாக்கி வண்ணமும் வாங்க வேண்டும். இரண்டு முறை கைமாறிய பிறகு எவ்வளவு ரூபாய் போனது என்பது மனதில் நிற்காது. 'இன்னும் இரண்டு மணி நேரம்தான்' என்று ஓடும் கடிகாரம் யோசிக்க இடம் தராது. இவையும் பாடங்கள்தான். காசைக் காசாகப் பார்க்காதே, யோசிக்காமல் வாங்கு என்று தினமும் இரண்டு மணி நேரம் நடக்கும் பாடம்.

இது வெறும் பெற்றோர் புலம்பல் அல்ல. 'ஃபோர்ட்நைட்' கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 52 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. அதில் 24.5 கோடி டாலர், குழப்பும்படி அமைத்த பொத்தான்களால் விருப்பமின்றி வாங்க வைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தருவதற்கானது. மீதி, சிறுவர்களின் அந்தரங்கத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்கான அபராதம்.

அடுத்த படி, பங்குச் சந்தை செயலி. 18 வயது நிறைந்த கையோடு பல இளைஞர்கள் போய் நிற்கும் இடம் அது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் முன்பேர வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த வர்த்தகர்களில் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பங்கு 2022-23-ல் 31 சதவீதமாக இருந்து அடுத்த ஆண்டே 43 சதவீதமானது. இந்தச் செயலிகளின் நிறம், மணிச்சத்தம், பச்சையும் சிவப்புமாக மின்னும் எண்கள் எல்லாம் கேமின் மொழியிலேயே பேசுகின்றன. கேமில் உயிர் போனால் மறுபடி தொடங்கலாம்; இங்கே போவது அப்பாவின் வைப்புநிதி.

அரசுகள் கதவைச் சாத்தத் தொடங்கியிருப்பது நல்லதே. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-ல் கொண்டுவந்த சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா மறுபடி நிறைவேற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் நடைமுறையை எட்டியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கும் முன்பே, 2024 மே மாதம், செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. நிறுவனப் பங்குகளின் நேரடி விலையை வைத்துப் போலி வர்த்தகம், கற்பனைப் போட்டி என்று நடத்தும் செயலிகளுக்கு அந்த விலைத் தகவல் போகக் கூடாது என்பது அதன் சாரம். 'கல்வி' என்ற பெயரில் பரிசுப் பணம் கொடுத்து நடந்த சூதுக்கு அது போட்ட கடிவாளம். நிதிக் கல்விக்கான கேம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: உள்ளே உண்மைப் பணம் இருக்கிறதா, முடிவில் கணக்கு தொடங்கச் சொல்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அது பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது.

ஆனால் கதவைச் சாத்துவது பாடமாகிவிடாது. ஒரு காலத்தில் நம் பள்ளிகளில் 'சஞ்சயிகா' என்ற சேமிப்புத் திட்டம் இருந்தது. பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்கும் சில்லறையை வரவு வைத்து, சிறிய கணக்குப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அந்தத் தலைமுறை, பணத்தைத் தொட்டு எண்ணிப் பழகியது. இன்றைய பிள்ளை பார்க்கும் பணம் க்யூஆர் அட்டையில் 'பீப்' என்று ஒலித்து மறைவது. பத்து வயது நிறைந்த சிறார் தாங்களே வங்கிக் கணக்கைத் தொடங்கி இயக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியிருக்கிறது. கணக்கு வந்துவிட்டது, கணக்கைப் புரிந்துகொள்ளும் பயிற்சி வரவில்லை. தேசிய நிதிக் கல்வி மையம் 2019-ல் நடத்திய ஆய்வில், நாட்டின் பெரியவர்களிலேயே 27 சதவீதம் பேருக்குத்தான் அடிப்படை நிதியறிவு இருந்தது. வீட்டில் சொல்லித்தருவார்கள் என்று விட்டுவிட முடியாது.

நிதிக் கல்வியால் உண்மையில் பயன் உண்டா என்பதே ஆய்வாளர்களிடையே நெடுநாள் சண்டை. 2014-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, இந்தப் பாடங்கள் மனிதர்களின் பண நடத்தையில் ஏற்படும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தைத்தான் விளக்குகின்றன என்று சொல்லி உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றியது. 2022-ல் வந்த மற்றொன்று, 33 நாடுகளில் முறையாக நடந்த 76 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, அறிவும் நடத்தையும் தெளிவாக மேம்படுகின்றன என்றது.

இந்தச் சண்டையில் பிரேசில் சொல்லும் சாட்சியைக் கேட்க வேண்டும். அங்கே ஆறு மாநிலங்களில் 892 அரசு மேல்நிலைப் பள்ளிகளை எடுத்து, 2010, 2011 ஆண்டுகளில், பாதிப் பள்ளிகளில் மட்டும் நிதிப் பாடத்தை மற்றப் பாடங்களுக்குள்ளேயே கலந்து நடத்தினார்கள். பாடம் படித்த மாணவர்களின் நிதியறிவு உயர்ந்தது. சேமிப்பும் திட்டமிடலும் கூடின. கூடவே ஒரு கசப்பும் வந்தது. பொருள் வாங்க அதிக வட்டிக் கடனை எடுப்பதும் அவர்களிடம் கொஞ்சம் கூடியது. கடனைப் பற்றித் தெரிந்துகொண்ட பிள்ளை கடனைக் கண்டு பயப்படுவதை விட்டுவிட்டது போலும். ஆனால் ஒன்பது ஆண்டு கழித்து அதே மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, விலை உயர்ந்த கடன்களை அவர்கள் குறைவாக நாடியிருந்தார்கள். சொந்தமாகச் சிறுதொழில் தொடங்கியவர்களும் அதிகம். கற்ற பாடம் உடனே பழுக்கவில்லை. நடுவில் தவறு செய்து திருந்தவும் இடம் தேவைப்பட்டது. அந்தத் தவறை உண்மைக் கடனில் செய்வதற்குப் பதில் கணினித் திரையில் செய்ய முடிந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்!

எல்லா கேமும் இதைச் செய்யாது. அமெரிக்காவில் 1977 முதல் பள்ளிகளில் நடக்கும் 'ஸ்டாக் மார்க்கெட் கேம்' மாணவர் குழுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் போலிப் பணம் கொடுத்துப் பங்குகள் வாங்கி விற்கச் சொல்கிறது. கணக்குப் பாடத்துக்கு அது உதவுகிறது என்று ஆய்வும் உண்டு. இருந்தாலும் சில வாரங்களில் யார் அதிகம் சேர்த்தார்கள் என்று பார்க்கும் போட்டியில் ஜெயிப்பவர் பெரும்பாலும் ஒரே பங்கில் எல்லாவற்றையும் கொட்டியவராகத்தான் இருப்பார். பொறுமையாகப் பல இடங்களில் பிரித்துப் போட்ட மாணவி நடுவரிசையில் நிற்பாள். கைதட்டல் யாருக்கு விழுகிறதோ, அவருடைய வழியைத்தான் வகுப்பு கற்றுக்கொள்ளும்.

இன்னும் ஆழமான ஒரு சிக்கலை 'ஸ்பென்ட்' என்ற கேம் காட்டிக்கொடுத்தது. வட கரோலினாவின் டர்ஹம் நகரில் வீடற்றவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்புக்காக, 'மெக்கின்னி' என்ற விளம்பர நிறுவனம் 2011-ல் அதைச் செய்துகொடுத்தது. வேலை போய்விட்டது, வீடும் போய்விட்டது, ஒரு குழந்தை இருக்கிறது, கையில் ஆயிரம் டாலர். ஒரு மாதத்தை ஓட்ட வேண்டும். காய்ச்சலோடு வேலைக்குப் போவதா, மருந்து வாங்குவதா? குழந்தையின் நண்பனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்குவதா, வேண்டாமா? ஏழ்மையைப் புரியவைக்க வேண்டும் என்ற நல்ல மனதோடு செய்யப்பட்டது. ஆனால் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள் அதைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. விளையாடியவர்களுக்கு ஏழைகள் மீதான மதிப்பு கூடவில்லை. சிலரிடம் அது குறையவும் செய்தது.

காரணம் கேமின் இயல்பிலேயே இருக்கிறது. எல்லா முடிவும் விளையாடுபவர் கையில். சரியாக அழுத்தினால் மாதம் ஓடிவிடும். அப்படியானால் மாதத்தை ஓட்ட முடியாதவர்கள் தப்பாக அழுத்தியவர்கள் என்றுதானே மனம் கணக்குப் போடும்? கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை அரசுப் பள்ளியில் உட்கார்ந்து இப்படி ஒரு கேமை விளையாடி, "எங்க அம்மாவுக்குப் பணத்தைப் பார்த்துச் செலவு பண்ணத் தெரியலை" என்ற முடிவோடு வீட்டுக்குப் போனால், அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. மாதக் கடைசியில் கையில் காசில்லாமல் போவதற்குத் திட்டமிடல் மட்டும் காரணம் அல்ல. மழை பெய்தால் வேலை இல்லை என்பதும் காரணம். நிதிக் கல்வி கேம் செய்ய நினைக்கும் எவரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது.

இந்தக் குழியில் விழாத கேம் ஒன்று உண்டு. அதன் வடிவமைப்பில் கைகொடுத்தவர்களே பள்ளிப் பிள்ளைகள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சவுத் ஷோர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், 'குளோபல் கிட்ஸ்' அமைப்பும் 'கேம்லேப்' நிறுவனமும் துணை நிற்க, 2006-ல் உருவாக்கிய 'அயிட்டி: வாழ்வின் விலை' அது. ஹைத்தி கிராமத்தில் ஐந்து பேர் கொண்ட கினார்ட் குடும்பம். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். நான்கு ஆண்டுகள், பருவம் பருவமாக, யார் வேலைக்குப் போவது, யார் பள்ளிக்குப் போவது என்று முடிவெடுக்க வேண்டும். எல்லோரையும் வேலைக்கு அனுப்பினால் காசு வரும், உடம்பு கெடும். எல்லோரையும் பள்ளிக்கு அனுப்பினால் கட்டணம் கட்ட முடியாது. நடுவில் புயல் அடிக்கும். முதல் முறை விளையாடும் பலரும் குடும்பத்தைக் கடனில் மூழ்கடித்துவிடுவார்கள். நல்ல முடிவு எடுத்தும் தோற்கலாம் என்பதை அந்தக் கேம் மறைக்கவில்லை. ஒரு முறை தோற்ற பிறகு, ஏன் தோற்றோம், இதில் எது நம் கையில் இருந்தது, எது இல்லை என்று வகுப்பில் பேசுவதற்கு விஷயம் இருக்கும். அந்தப் பேச்சுதான் பாடம்.

பின்லாந்துக்காரர்கள் இந்தப் பேச்சுக்கு முறையாக நேரம் ஒதுக்குகிறார்கள். 'நிறுவனக் கிராமம்' என்று பொருள்படும் பெயரில் அங்கே சின்ன நகரங்களையே கட்டி வைத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு மாணவர்கள் ஒரு நாள் அங்கே போய் வேலை பார்த்து, சம்பளம் வாங்கி, செலவும் செய்கிறார்கள். நாட்டின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் போகிறார்கள். போவதற்கு முன் வகுப்பறையில் அதற்கென்றே பல பாடவேளைகள் நடக்கின்றன. ஒன்பதாம் வகுப்புக்கு அதே திட்டம் கணினி கேமாக மாறி, குழுக்குழுவாக ஒரு நிறுவனத்தை நடத்தச் சொல்கிறது. அங்கே கேம் பாடத்தின் ஒரு பகுதி; ஆசிரியருக்கு மாற்று அல்ல.

தமிழ்நாட்டுக்கென்று இப்படி ஒரு கேம் செய்தால் அதில் என்ன இருக்கும்? டாலரும் கிரெடிட் ஸ்கோரும் நிறைந்த கேமைத் தமிழில் மொழிபெயர்த்து வைப்பதில் பயனில்லை. இங்கே பணம் ஓடும் வாய்க்கால்கள் வேறு. மளிகைக் கடையில் நோட்டுப் போட்டுக் கடன். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு அடகுக்குப் போகும் கம்மல். மகளிர் குழுவில் வாங்கி வாராவாரம் கட்டும் தவணை. தீபாவளிச் சீட்டு. ஏலச்சீட்டு ஒன்றே ஒரு நல்ல கேமுக்குப் போதும். இருபது பேர், மாதம் ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். முதல் மாதமே 30 ஆயிரம் தள்ளி 70 ஆயிரத்துக்குச் சீட்டை எடுப்பதா, கடைசி வரை காத்திருந்து கழிவுப் பங்கை வாங்கிக்கொண்டே போவதா? அவசரத்துக்கு ஒரு விலை உண்டு, பொறுமைக்கு ஒரு கூலி உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. சீட்டு நடத்துபவர் ஒரு நாள் காணாமல் போகவும் கூடும். அதுவும் கேமில் இருக்க வேண்டும்.

மொய் விருந்தை யோசித்துப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணியிலும் ஆடி மாதம் பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, மொய் வாங்குகிறார்கள். வட்டி இல்லை. பத்திரம் இல்லை. நோட்டில் எழுதிய பெயரும், ஊர் முன்னால் இருக்கும் மானமும்தான் ஈடு. வாங்கியதைப் பின்னொரு நாள் அவரவர் விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். சிலர் இதைக் கொண்டு கிணறு வெட்டினார்கள், பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். திருப்பிச் செய்யும் ஆண்டு வந்தபோது கடன் வாங்கிக் கட்டியவர்களும் உண்டு. கடன், நம்பிக்கை, காலம் மூன்றும் ஒரே இடத்தில் கூடும் இந்த ஏற்பாட்டை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கேமாக ஆடிப் பார்த்தால், வங்கி என்றால் என்ன என்பதும் அதற்குச் சேர்த்தே விளங்கிவிடும்.

மோசடியும் கேமில் இருக்கட்டும். மாதம் 25 சதவீதம், 30 சதவீதம் வட்டி என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணத்தை வாரிச் சுருட்டிய விவகாரங்கள் 2022-ல் தமிழ்நாட்டை உலுக்கின. மாதம் 25 சதவீதம் என்றால் நான்கே மாதத்தில் போட்ட பணம் வட்டியாகவே திரும்பி வந்துவிட வேண்டும். அந்த வட்டியை அப்படியே விட்டுவைத்தால் ஒரு லட்சம் ஓராண்டில் 14 லட்சத்தைத் தாண்டும். எந்தத் தொழிலில் இவ்வளவு லாபம் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. முயல் கேமை ஆடிய பிள்ளை கேட்டிருக்கும். கேமில் கல்விக் கடனும் வேண்டும். ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை, படிக்கும் காலத்தில் தவணையும் இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளிலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் மகிழ்ச்சியில் பல வீடுகளில் காதில் விழுவதில்லை.

இதற்கான இடம் தயாராக இருக்கிறது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் கணினிகளோடு இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று 2025 ஆகஸ்டில் அரசு அறிவித்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. வாரம் ஒரு பாடவேளை கேம், அடுத்த வாரம் அதைப் பற்றிய பேச்சு. கேமைச் செய்யும் பொறுப்பை வங்கியிடமோ செயலி நிறுவனத்திடமோ விடாமல், பள்ளிக் கல்வித் துறை தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். புரூக்ளினில் செய்ததைப் போல மாணவர்களையே வடிவமைப்பில் உட்காரவைக்க வேண்டும். கீரமங்கலத்துப் பிள்ளைக்குத் தெரிந்த மொய்க் கணக்கும், திருப்பூர்ப் பிள்ளைக்குத் தெரிந்த வாரச் சம்பளக் கணக்கும், ராமேசுவரத்துப் பிள்ளைக்குத் தெரிந்த படகுக் கடனும் சென்னையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுபவருக்குத் தெரியாது.

பிரேசில் ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது. பாடம் நடத்தியது பிள்ளைகளுக்கு. ஆனால் பெற்றோரின் நிதியறிவும் உயர்ந்திருந்தது. பிள்ளைகள் வீட்டுப்பாடமாகக் கேள்விகளை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இங்கும் முதல் வீட்டுப்பாடம் அப்படி அமையலாம். அலமாரியில் இருக்கும் அடகுச் சீட்டை எடுத்து, எத்தனை பவுன், எத்தனை வட்டி, மீட்க வேண்டிய கடைசி நாள் எது என்று அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது.